புள்ளி எழுதுகிறவள்

பியூலா மிஸ்ஸுக்கு ஏழு நொடி போதும்.
பந்து கைக்கு வந்தால் ஏழுக்குள் எறி.
விழாவிட்டால் துள்ளுவதைப் பிடித்து
மறுபடி எறி.
எதிரணி கூடை போட்டாலும் கைதட்டுவார்:
"போடட்டும்டீ,
போட்டாத்தானே பந்து நம்ம கைக்கு வரும்."

நான் மேசையில் புள்ளி எழுதுகிறவள்.
தாவரவியல் இரண்டாம் ஆண்டு, இடது கைக்காரி.
போன வருஷம் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பென்சில்.
இப்போது நான்கு.
சீவ நேரமில்லை, மழுங்கினால் அடுத்தது.

கோத்தகிரி. சில்வர் ஓக்குகளுக்குக் கீழே சிமெண்டுத் தரை.
மேற்கு மூலையில் பாசி.
அங்கே திரும்பும்போது மட்டும்
ஜெனிட்டா வேகம் குறைப்பாள்.
மிஸ் பார்த்துவிட்டார்.
மறுநாள் காலை மூலை முழுக்க பிளீச்சிங் பவுடர்.
"இப்ப ஓடு."

அவிநாசிப் பிள்ளைகள்
கொண்டை ஊசி வளைவுகளில் பாதி உயிரைக்
கக்கிவிட்டுத்தான் வந்து இறங்கினார்கள்.
முதல் பத்து நிமிஷம் நன்றாகவே ஆடினார்கள்.
அப்புறம் முழங்காலில் கை.
ஆறாயிரம் அடியில் காற்றும் ரேஷன்தான்,
எங்களுக்குக் கார்டு இருக்கிறது.
மிஸ் ஐந்து பேரை இறக்கி ஐந்து பேரை ஏற்றினார்,
ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை,
லோடு மாற்றுகிறவர் போல.

எழுபத்தொன்பதுக்கு அறுபத்தாறு.
மஞ்சு இறங்கியது.
முதலில் வளையம் போனது. பிறகு பலகை.
பிறகு ஒன்பதாம் எண் நஸீமா, கையில் பந்தோடு.
இரும்பில் ஏதோ பட்ட சத்தம்.
"விழுந்துச்சு!"
"இல்ல!"
நடுவர் விசில் ஊதினார், எங்கிருந்தோ.

இந்த வருஷத்தில் முதல்முறையாகப்
பென்சில் சீவினேன்.
உள்ளே பத்துப் பேர் மூச்சு வாங்குவது கேட்டது,
எது யாருடையது என்று பிரிக்க முடியாமல்.
நேரம் போகப் போக அது தணிந்தது.
அவிநாசிக்கும் தணிந்தது.

"எவ்வளவு நேரமாச்சு?"
"பதினொரு நிமிஷம் மிஸ்."
ஸ்டாப் வாட்சை மேசைமேல் வைத்துவிட்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.
இவ்வளவு குள்ளமா?
ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது,
காலையிலிருந்தே இருக்கும்.

அப்போது உள்ளே
பந்து தரையில் தட்டும் சத்தம்.
"யாரது? ஆட்டம் நின்னுருக்கு!"
பதில் இல்லை.
சத்தம் மேற்கு மூலைக்கு ஓடியது,
திரும்பியது,
வேகம் குறையவில்லை.

மிஸ்ஸின் உதடு எண்ண ஆரம்பித்திருந்தது.
ஆறில் இரும்பு அதிர்ந்தது.
விழுந்ததா, தெரியாது. எந்த அணி, தெரியாது.
தாளின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
ஒரு புள்ளி வைத்தேன்.
மிஸ் அதைப் பார்த்தார்,
அழிக்கச் சொல்லவில்லை.