ஈரத் துண்டு

மூடியைச் சாத்தியதும்
காய்ந்த துணியை அரைச் சுற்று இடம், அரைச் சுற்று வலம்
ஆட்டிப் பார்க்கும்.
மாங்காய்க் கூடையைக் கையில் தூக்கிப் பார்த்தே
மண்டிக்காரர் எடை சொல்வதுபோல்
இத்தனை லிட்டர் போதுமென்று அதுவே முடிவெடுக்கும்.
என்னைக் கேட்காது.

முதல் வாரம் கண்ணாடி மூடிமேல் குனிந்து
தண்ணீரைத் தேடினேன்.
அடியில் இட்லிக் குண்டான் அளவுக்குக் கிடந்தது.
மேலே கிடந்த சட்டை
தான் நனைந்தோமா இல்லையா என்பது தெரியாமலே
பிழிந்து வெளியே வந்தது.

மாதேஷுக்கு பர்கூர் ரோட்டில் கிரானைட் பட்டறை.
கல் அறுக்கும் மாவு
பேன்ட் மடிப்பில், பையின் மூலையில்,
காலர் தையலில் குடியிருக்கும்.
துவைத்துக் காய்ந்த பேன்ட்டைக் கொடியிலிருந்து எடுத்து
ஒரு உதறு உதறினேன்.
திருநீறு மாதிரிப் பறந்தது.

பதினெட்டுத் தவணை. கட்டியது இரண்டு.
'தண்ணி கம்மி, அழுக்கு சுத்தம்' என்றார்கள்
ரவுண்டானா கடையில்.
முதல் பாதி சத்தியம்.

ஓசூரிலிருந்து முபாரக் வந்தார்.
பின்பக்கக் குழாயைக் கழற்றி
சல்லடையைத் தரையில் தட்டினார்.
கல்லுப்பு போல ஒரு பிடி உதிர்ந்தது.
"மிஷின்ல குறையே இல்ல மேடம்,
தண்ணி மிச்சம் பிடிக்கிற மாடல் இது."
என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள்.
முந்நூற்றைம்பது ரூபாய்.

மிச்சம் பிடிப்பதை எனக்கா சொல்லித் தர வேண்டும்?
ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு
நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் விடியுமுன்.
அரிசி கழுவினது செடிக்கு,
செடி வேண்டாமென்றது வாசலுக்கு.
போர் தண்ணீரில் சோப்பு நுரைக்க
அதைக் கெஞ்ச வேண்டும்.
இவ்வளவு சிக்கனக்காரியின் வீட்டுக்கு
என்னைவிடக் கஞ்சமாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை
சின்னவள் தலை துவட்டிய பெரிய துண்டை
சொட்டச் சொட்ட உள்ளே போட்டுவிட்டாள்.
அதட்ட வாயெடுத்தேன்.
மிஷின் அசைத்துப் பார்த்தது, தயங்கியது,
பிறகு திறந்தது.
விழுகிறது, விழுகிறது, நிற்கவே இல்லை.
ஈரத்தின் கனத்தைத்
துணியின் கனம் என்று நம்பிவிட்டது பாவம்.
அன்றைக்குப் பேன்ட்டை உதறினேன்.
ஒன்றும் பறக்கவில்லை.

அதிலிருந்து தினமும் பொய் சொல்கிறேன்.
பழைய துண்டு ஒன்று, பக்கெட்டில் முக்கி,
பிழியாமல், முதலில்.

வீட்டுக்காரர் நஞ்சப்பா மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்:
"மோட்டார் இப்பல்லாம் ரெண்டு தடவ ஓடுதேம்மா?"
"வெயில் காலமாச்சே" என்றேன்.
கார்த்திகை மாதம்.
அவர் வானத்தைப் பார்த்தார், நான் படியைப் பார்த்தேன்.

அவருக்குத் தெரியாதது:
வெளியேறும் குழாயைச் சாக்கடையில் விடவில்லை,
நீல டிரம்முக்குள் விட்டிருக்கிறேன்.
கடைசி அலசலின் தண்ணீர் கக்கூஸுக்கு, படி கழுவ,
நஞ்சப்பா ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் உட்பட.
முதல் தண்ணீர் மட்டும் நீர்மோர் நிறத்தில் வரும்.
அதைத் தனி வாளியில் ராத்திரி முழுக்க வைத்தால்
காலையில் மேலே தெளிவு,
அடியில் கல் மாவு, விரல் கனத்துக்கு.

சுரண்டி எடுத்து
சுவரோரம் கொட்டி வருகிறேன்.
குவியல் முழங்கால் உயரம் வந்தாயிற்று.
எந்த மலையோ, பெயர் தெரியாது,
பேன்ட் பையில் கொஞ்சம் கொஞ்சமாக
வீடு வந்து சேர்கிறது.

நேற்று ராத்திரி மாதேஷ் மறுபடி இருமினான்.
எழுந்து சொம்பில் தண்ணீர் தந்தேன்.
ரெண்டு மடக்கு குடித்துவிட்டுப்
போதும் என்று கீழே வைத்தான்.

முழுசாக் குடி என்றேன்.