பதினொரு நொடி

மண்டபம் டோக்கன் ஆபீசில்
ஒரு படகைத் தேடினால்
பதினொரு நொடி.
நாலு லட்சம் வரியையும்
முதல் நாளிலிருந்து தடவிக்கொண்டு வரும்,
விற்ற படகு, உடைந்த படகு,
அக்கரையில் பிடிபட்டுத் துருவேறும் படகு,
ஒன்றையும் விடாமல்.

வரிசை ஐஸ் லாரி வரை நீண்டு
வசவு என் காதுக்கு வந்தது.
ராத்திரி உட்கார்ந்தேன்.
படகு எண்ணுக்கும் தேதிக்கும் சேர்த்து
ஓர் இன்டெக்ஸ். அவ்வளவுதான்.
மறுநாள் ஒன்பது மில்லிசெகண்ட்.
உதவி இயக்குநர் டீ வாங்கிக் கொடுத்தார்,
வடையோடு.

வாடை ஏறிய வியாழக்கிழமை
எமரிட்டா வந்து எண்ணைச் சொன்னாள்.
கடைசி இலக்கத்திலிருந்து
விரலை எடுக்குமுன் திரையில்:
கரை திரும்பிய பதிவு இல்லை.

"என்னய்யா, தேடிப் பாக்காமலே சொல்லுது?"

இன்டெக்ஸ் என்றால் என்னவென்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கையில் நாலாய் மடித்த டோக்கன்
ஈரமாய் இருந்தது.

இன்டெக்ஸை ஒதுக்கிவிட்டு
முழுதையும் தேடச் சொன்னேன்.
வட்டம் சுற்றத் தொடங்கியது.
கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
நிற்கிறாள்.
விற்ற படகு,
உடைந்த படகு,
நாலு, ஐந்து