இரண்டாம் ஆள்

தாளில் இரண்டு பத்திகள்.
இடப்பக்கம், நான் செய்யலாம்:
காதச்சின் குழாயை வெட்டி மாற்றலாம்,
பற்றரி போடலாம்,
வடிகட்டியில் அடைத்த குறும்பியைச் சுரண்டி எடுக்கலாம்,
காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்கலாம்.
பார்த்ததற்குப் பெயர் வைக்கக்கூடாது.

வலப்பக்கம் நீளம் கூட.
கெட்டரிங் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
ஒவ்வொரு ஏப்ரலும்
ஹெதர் ஓக்லி அதில் கையெழுத்து வைப்பா,
அவவுக்குக் கீழே நான்.

சப்பாத்துத் தொழிற்சாலையில்
முப்பத்தோராண்டு
தோல் வெட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற டெபட்
"கொஞ்சம் கூட்டிவிடு பிள்ளை" என்பார்.
கூட்டுகிற கணினிக்கு என்னிடம் கடவுச்சொல் இல்லை.
மஞ்சளாகி விறைத்த குழாயைக் கழற்றி
புதியதைக் கோத்துக் கொடுத்தேன்.
"பாத்தியா, கூட்டிவிட்டாய்" என்று கண்ணடித்தார்.
நான் மறுக்கவில்லை.
மறுப்பது எந்தப் பத்தி என்று
ஹெதரிடம் கேட்கவேண்டும்.

செவ்வாய் பதினொரு மணிக்குச் சிறுபிள்ளைகள்.
அந்த அறையில் நான் இரண்டாம் ஆள்.
கண்ணாடிக்கு அப்பால் ஹெதர், பொத்தானோடு.
இப்பால் ஒரு தாய், மடியில் பதினான்கு மாதத்து அகரன்,
தாழ்ந்த மேசை, மர வளையங்கள்.

அவன் கண்ணை மேசையில் வைத்திருப்பது என் வேலை.
ஒலி வரும், வலத்திலோ இடத்திலோ.
வரும்போது என் கை நிற்கக்கூடாது.
இமை தடுமாறக்கூடாது.
மூச்சு, முன்பு போன மாதிரியே போகவேண்டும்.
கேட்டும் கேளாதவளாக இருப்பதற்கு
மணிக்கணக்கில் சம்பளம்.
வீட்டில் இதை இனாமாகச் செய்கிறாய்
என்பார் என் மனுஷன்.

குருவி ஒன்று நடுங்குவது போல ஓர் ஒலி.
அகரன் வளையத்தைக் கடித்தான்.
இன்னும் உரத்து.
கடித்தான்.
மூன்றாவது என் பல்லுக்குள் ஏறியது.
நான் சிவப்பு வளையத்தை மெதுவாக உருட்டினேன்.
கறுப்புப் பெட்டிக்குள் கரடி பொம்மை
வெளிச்சம் பிடித்து மேளம் தட்டிற்று:
அப்போதுதான் திரும்பினான்,
எச்சில் ஒழுக, வாய் கொள்ளாத சிரிப்பு.

தாயும் சிரித்தா.
"பாத்தீங்களா, திரும்பிட்டான்."

ஹெதர் தாளை மேசையில் வைத்துவிட்டு
மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடிக்கப் போனா.
(என் தமிழ் வலப்பக்கத்தில் இருக்கிறது,
ஏழாவது வரி.)

"நீங்க எந்த இடம்?"
"கரவெட்டி."
"நாங்க முருங்கன்."
கதவைப் பார்த்துவிட்டு, குரல் தாழ்த்தி:
"அக்கா, அவனுக்குக் கேக்குதுதானே?"

தாள் எனக்குத் தலைகீழாகக் கிடந்தது.
தலைகீழாகவும் வாசிக்க வரும் எனக்கு.
அவ பக்கம் அடியில் கிடந்த புள்ளிகள்
என் பக்கம் உச்சியில் இருந்தன.

"ஹெதர் வந்து சொல்லுவா."
அனுமதித்த வாக்கியம்தான்.
இமை தடுமாறவில்லை.
தடுமாறாத இமையையும் சிலர் வாசிப்பார்கள் போல;
அவ பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
அகரனின் ஒரு காலுறையை இழுத்துவிட்டா,
மற்றதையும்,
திரும்பவும் முதலாவதை.

பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள்.
தள்ளுவண்டி போனது.
போர்வைக்கு வெளியே ஒரு கைமுட்டி,
விரலிடுக்கில் சிவப்பு.

சாமான்களைத் துடைத்து எண்ணி வைத்தல்:
இடப்பக்கம், கடைசி வரி.
சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கியில்
எந்த ஊரிலிருந்தோ ஒரு குரல்,
"வணக்கம் அம்மா, நான் சொல்றது கேக்குதா?"
என் கை நின்றது.

பெட்டியில் எட்டு வளையங்கள்.
பதிவேட்டில் ஒன்பது என்று எழுதி
முதலெழுத்துப் போட்டேன்.