ஐந்து லக்ஸ்

நோர்வூட் கடையில் வாங்கிய ஒன்பது வாட்ஸ் பல்ப்.
எண்ணூற்றுப் பத்து லூமன் என்று
பெட்டியில் அடித்திருக்கிறான்.
பெட்டி சொல்வதை நான் நம்புவதில்லை.
பக்டரியில் மோட்டார் கழற்றிப் பழகிய கை.

கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கத்தில்
கணக்கைத் தொடங்கினேன்.
எண்ணூற்றுப் பத்தைப் பையால் வகுக்க வேண்டும்
(கொழுந்துப் பை அல்ல, வட்டத்தின் பை).
பல்புக்கு நேர்கீழே இருநூற்று ஐம்பத்தெட்டு கெண்டலா.
மேசைக்கு ஒன்றே முக்கால் மீட்டரும் அரைச் சாணும்.
தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காலாகும்.
ஆக, எழுபத்தைந்து லக்ஸ்.

பிறகு கழிவுகள்,
சம்பளத் துண்டில் கழிப்பதுபோல:
சூடேறிய சில்லு எட்டு வீதம் பிடித்துக்கொள்ளும்,
பெட்டியின் பொய்க்கு இன்னொரு ஐந்து.
சுவர் திருப்பித் தருவதைக் கூட்டலாமா என்று பார்த்தேன்.
எங்கள் சுவரில் நாற்பது வருட விறகுப் புகை,
வாங்குமே தவிரத் தராது.
கடைசியில் கைக்கு வந்தது அறுபத்தாறு.

பக்டரியிலிருந்து ஒரு ராத்திரிக்கு இரவல் வந்த மானி
எழுபத்தொன்று என்றது.

அரை மணி நேரம் பொறுத்தேன். எழுபத்தொன்று.
அதன் வெள்ளைக் குமிழைச் சட்டை நுனியால் துடைத்தேன்.
எழுபத்தொன்று.
குறைந்திருந்தால் விட்டிருப்பேன்,
இந்தத் தோட்டத்தில் எதுவும் குறைந்துதான் வரும்.
கூடி வந்ததுதான் உறுத்தியது.

பல்பை நிப்பாட்டினேன்.
மேசையில் ஐந்து மிச்சம்.

அண்ணாந்து பார்த்தேன்.
லயத்தின் நடுச்சுவர் தகரம்வரை போவதில்லை,
இரண்டு முழத்துக்கு முன்னமே நின்றுவிடும்.
அதற்கு மேலால் இருமல் வரும், கருவாட்டு வாசம் வரும்,
செபமாலையும் எமல்டாவும்
சீட்டுக் காசுக்குப் போடும் சண்டை வரும்.
வெளிச்சமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
என் பல்பின் கெட்டித்தனம் என்று நினைத்து
அதில் ஊசிக்கு நூல் கோத்திருக்கிறேன்.

சமன்பாட்டின் வாலில் கூட்டல் ஐந்து எழுதி
ஓரத்தில் குறித்தேன்: செபமாலை காம்பரா.

போன செவ்வாய் அந்த ஐந்தும் போயிற்று.
மூன்று மாத பில்.
சபை ஆட்கள் வந்து வயரை வெட்டிவிட்டு
ஏணியை மழையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.
அந்தப் பக்கம் மெழுகுதிரி.
மானி திரும்பிப் போய்விட்டது,
இருந்தாலும் அரை லக்ஸைத் தாண்டாது.

கணக்கைத் தலைகீழாகப் போட்டேன்.
பல்ப் முக்கால் முழம் மேலே ஏறினால்
என் மேசைக்கு நாற்பத்தேழு,
சுவர் விளிம்பு தாண்டி அவர்களுக்கு
ஐந்தோ ஆறோ.
வயரைச் சுருக்கி வளையில் கட்டினேன்.
பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

கால் மணி நேரம்.
பிள்ளை சிணுங்கியது. பிறந்து பதினெட்டு நாள்.
"தங்கச்சி, லைட்டக் கொஞ்சம் நிப்பாட்டேன்,
இப்பத்தான் கண்ண மூடுச்சி."

நிப்பாட்டினேன்.
தகரத்தில் மழை, அதற்குக் கீழே எமல்டாவின் உச்சுக்கொட்டல்.
நாளைக்கு நோர்வூட்டில் ஒரு சுவிட்ச் வாங்க வேண்டும்,
மூன்று மீட்டர் வயரும்,
சுவருக்கு மேலால் அந்தப் பக்கம்
தொங்கவிட.