பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்தில்

அம்பகாமக் காட்டுக்குள்
எனக்குத் தந்திருப்பது ஒரு மீற்றர் அகலம்.
இடப்பக்கம் சிவப்புத் தடி, வலப்பக்கம் சிவப்புத் தடி,
முன்னால் அந்தப் பாலை மரம் வரைக்கும்
சண்டைக்குப் பிறகு ஒருவரும் கால்வைக்காத நிலம்.
காலை ஆறரைக்கு முகக்கண்ணாடியை இறக்கினால்
என் மூச்சு எனக்கே திரும்பி வரும்.
"எமில்டா, தொடங்கு" என்பான் சத்தியரூபன்.

கருவியை மண்ணுக்கு மேலே கொண்டுபோவது
தணலுக்கு மேல் கை காட்டுவது போல.
இடம், வலம், இடம்.
அது கத்தினால் முழங்காலில் நிற்க வேண்டும்.
அதுதான் விதி.
உள்ளே கிடக்கிறது ஆரெண்டு
விசாரித்துவிட்டு நிற்கிற வழக்கமில்லை.
ஆணிக்கும் முழங்கால். சோடா மூடிக்கும் முழங்கால்.
பால்மா ரின்னின் துருப்பிடித்த விளிம்புக்கு
அரைமணி நேரம் முழங்கால்.
நேற்று, விரல் தடிப்பு விரல் தடிப்பாய்ச் சுரண்டி
எடுத்தது ஒரு திறப்பு.
எந்த வீட்டுத் திறப்போ. வீடு எங்கேயோ.
"வெடிக்காத இரும்பு, ஒண்டு" எண்டு பதிந்த சத்தியரூபன்
"உன்ரை முழங்காலுக்கு இண்டைக்கு நட்டம்" எண்டு சிரித்தான்.

ஆண்டவரே,
ஞாயிற்றுக்கிழமை ஒலுமடுத் தகரக் கோயிலில்
சுவாமி மன்றாட்டுக்கு நேரம் விடுவார்.
பிலோமினா அக்கா உலக சமாதானத்துக்குக் கேட்பா.
குருசுமுத்தர் மழை கேட்பார்,
அதே மூச்சில், அது அறுவடை முடிஞ்சு வந்தால்
காணுமெண்டும் கேட்பார்.
கேட்டருளும், கேட்டருளும் எண்டு எல்லாரும் சொல்ல
நான் வாயை மட்டும் அசைப்பேன்.
லோன்காரனைப் பற்றி ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன்.
அவன் வராத வியாழன் ஒண்டுமில்லை.
மற்றதைச் சொல்லவேயில்லை.
வட்டுவாகலில், சனத்துக்குள்,
என் கையிலிருந்து வழுகின தம்பியின் கை.
அது பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடக்கிறது.
தொட்டால் என்ன ஆகுமோ எண்டு
சுற்றிவர நானே தடி நட்டு வைத்திருக்கிறேன்.

பயிற்சியில் முதல்நாள் சொல்லித் தந்தது:
பெரிய இரும்பு பெரிதாய்க் கத்தும், அதுக்குப் பயப்படாதே.
பிளாஸ்டிக் மிதிவெடி நுளம்பு போல முனகும்.
பராக்குப் பார்க்கிறவளுக்கு அது கேளாது.

இண்டைக்குப் பத்து மணிபோல அந்த முனகல்.
கருவியைக் கிடத்திவிட்டு முழங்காலில் நிண்டன்.
கண்ணாடிக்குள் வியர்வை சொட்டியது.
பாலையில் ஒரு செண்பகம்
இரண்டு தரம் கூப்பிட்டு, பிறகு விட்டுவிட்டது.
மண் விலக, இன்னும் விலக,
ஒரு பேணி மூடியளவு பச்சை.
மூச்சை இழுத்துப் பிடித்தபடி
அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கினது:
இந்தக் காட்டில் முழங்காலில் நிற்கிறவள்
கேட்கிறவள்.
முனகுவது மண். நிற்பது நான்.
அப்படியெண்டால்
இத்தனை வருஷமாய் என் முன்னால்
முழங்காலில் நிற்கிறது ஆர்?

விசில் ஊதினார்கள். தண்ணி குடித்தேன்.
"கை நடுங்கேல்லையே?" எண்டான் சத்தியரூபன்.
"நடுங்கினது" எண்டேன்.
துப்பரவாக்கின பாதையால் திரும்பி வருகையில்
சத்தமே இல்லை.
எங்கடை வேலையில் மௌனமெண்டால்
கேட்டு முடிஞ்சுது, காலை வைக்கலாம்.
உம்முடைய மௌனத்தை நான் இவ்வளவு நாளும்
வேறை விதமாய்ப் படித்துவிட்டேனோ தெரியாது.

பின்னேரம் பூட்சைக் கழற்றி
முழங்காலில் ஒட்டின செம்மண்ணைத் தட்டாமலே இருந்து
"ஆண்டவரே, அன்ரோ" எண்டேன்.
அவ்வளவுதான். ஒரு விரல் தடிப்பு.
மிச்சம் நாளைக்கு.
நீர் அவசரப்படமாட்டீர்.
அவசரப்படுகிற ஆட்களை
இந்த வேலைக்கு எடுக்கிறதில்லை.