உள்ளடக்கம்: மரம், ஒன்று

செவ்வாய்க்கிழமை சரக்கு விமானம் வரும்.
அதற்குள் ஏழு யிடாக்கிகளைச் சுற்றிக் கட்ட வேண்டும்.
குமிழித்தாள் தீர்ந்துபோனது.
கிளிஃப்டனின் பழைய ஃபுட்பால் சட்டைகள் இரண்டைக் கிழித்தேன்.
அவனுக்குத் தெரியாது.
தெரிந்தாலும், அந்த அணி
இந்த வருஷம் ஜெயிக்கப் போவதில்லை.

ஆறாவது உங்களுடையது, திரு. ஹோல்ட்காம்ப்.
இரண்டாம் முறையாக.

நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறது.
கையில் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தீர்கள்,
டார்வினில் கப்பல் பயணிகள் இறங்கும் தெருவில் வாங்கியது.
நாற்பத்தைந்து டாலர். மூங்கில்.
மேலே பல்லி, பல்லியைச் சுற்றி மஞ்சள் புள்ளிகள்,
எல்லாப் புள்ளியும் ஒரே அளவு.
அடியில் ஒட்டியிருந்த சீட்டை
யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்,
ஊர்ப்பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.
இது அசலா என்று கேட்டீர்கள்.
அசல் மூங்கில் என்றேன்.
உங்கள் மனைவி சிரித்தார்.

அப்புறம் எங்கள் சுவரில் சாய்ந்திருந்த ஒவ்வொன்றையும்
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி
தட்டித் தட்டிப் பார்த்தீர்கள்.
இது ஏன் வளைந்திருக்கிறது?
மரம் வளைந்திருந்தது.
இதில் ஏன் ஓவியம் இல்லை?
வர்ணத்தால் விலை மாறும்,
குரல் மாறாது.
ஊதிக் காட்ட முடியுமா?
நான் ஊதுவதில்லை.
பெண் என்பதாலா என்று குறிப்பேட்டைத் திறந்தீர்கள்.
சாப்பாட்டு நேரம் என்பதால் என்றேன்.

விற்காத ஒன்று இருக்குமே,
அதைக் காட்டுங்கள் என்றீர்கள், குரலைத் தாழ்த்தி.
விற்காதது சுவரில் இருக்காது, ஐயா.
கதவுக்குப் பின்னாலும் இருக்காது,
எட்டிப் பார்க்க வேண்டாம்.

கடைசியில் சான்றிதழ் கேட்டீர்கள்.
தந்தேன்:
கிளிஃப்டனின் படம், கண்ணை மூடியிருக்கிறான்;
குலத்தின் பெயர்;
மரம் வெட்டிய இடம்: மேற்கே.
இவ்வளவுதானா என்றீர்கள்.
நல்ல மரம் நிற்கும் இடத்தை
யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அதில் எழுதாதது இது:
அவனும் மச்சானும் இரண்டு நாள்
நாற்பது மரத்தைக் கோடரிப் பிடியால் தட்டினார்கள்.
மூன்றை வெட்டினார்கள்.
ஒன்று வெடித்தது, ஒன்று ஊமை.
திரும்பும் வழியில் டொயோட்டாவின் டயர் போனது.
நீங்கள் தந்த அறுநூற்றில்
டயர் இருக்கிறது.
மகளின் பல் இருக்கிறது.
மரத்தை உள்ளிருந்து தின்று குடைந்த கரையானுக்கு
எதுவும் போகவில்லை,
அது பில் எழுதவில்லை.

நான்கு மாதம் கழித்துப் பொதி திரும்பி வந்தது.
கூடவே உங்கள் கடிதம், தட்டச்சில்.
'குறைபாடுள்ள பொருள்' என்ற இடத்தில் அடிக்கோடு.
துறைமுகத்தில் தடுத்துவிட்டார்களாம்,
குழாய்க்குள் ஒரு சிட்டிகை மண்,
கரையான் எச்சம், ஓர் இறக்கை.
உயிரோடு ஏதும் இல்லை,
ஆனாலும் அனுமதி இல்லை.

சரி.
கடையின் பெரிய ஃப்ரீசரில் இடம் கேட்டு வாங்கினேன்.
மூன்று வாரம்,
பாராமுண்டி மீன்களுக்கு நடுவே
குறுக்காகக் கிடந்தது உங்கள் மரம்.
ஐஸ்கிரீம் எடுக்க வந்த பிள்ளைகள்
அதில் ஒருமுறையாவது ஊதாமல் போனதில்லை.
பிறகு உப்புநீர், வெயில், நீளக் கம்பி, துணி.
இப்போது உள்ளே எதுவும் இல்லை.
காற்று போகும் வழி மட்டும்.

பொதியில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன்,
எங்கள் சான்றிதழுக்கு மேலே.
உங்கள் ஊர் அதிகாரி எழுதியது,
நீல முத்திரை, இரண்டு கையெழுத்து:
இந்தத் தண்டு இயற்கையாகக் கரையானால் குடையப்பட்டது,
ஆஸ்திரேலிய மண் கண்டறியப்பட்டது.
இதைவிட நல்ல அத்தாட்சி
எங்கள் யாராலும் தர முடியாது.
சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

சுங்கப் படிவத்தில்
உள்ளடக்கம்: மரம், ஒன்று.
பயன்பாடு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்,
அது உங்கள் கையெழுத்துக்கு.

ஒரு விஷயம்.
முதல் சில நாள் மீன் வாடை வரலாம்.
ஊத ஊதப் போய்விடும்.
மாட்டியே வைத்தால் போகாது.