இருபது கிலோவுக்குள்

பத்து வருசமாய்ப் பனியன் கட்டுகிறேன்.
அறுபது பீஸ், ஒரு பெட்டி, ரெண்டு சுற்று டேப்.
தூக்கி எறிந்தாலும் பனியனுக்கு வலிக்காது.
இது இரும்பு.

மமினாவின் தையல் மெஷின் தலை,
பலகையும் மோட்டாருமாகப் பதினாலு கிலோ.
அப்பாவுக்கு ஆப்பரேசன் என்று
ஒரே பையோடு கஞ்சாமுக்கு ரயிலேறியவள்
"வித்துருங்க்கா" என்றாள் போனில்.
பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் விலை சொன்னான்.
தவணை முடிந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை.
அவளிடம் ஒன்றும் சொல்லாமல்
எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஊசியைக் கழற்றியாச்சு.
பாதத்தை இறக்கி அடியில் துணி மடிப்பு,
கடித்துக்கொண்டு கிடக்கட்டும்.
நீட்டி நிற்கும் சக்கரம்தான் முதலில் அடிபடும்,
அதைத் தனியே கழற்றித் தனியே சுற்றினேன்.
குப்புராசண்ணன் கட்டிங் வேஸ்ட் தந்தார்:
கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்,
எந்த நாட்டுக் குழந்தைக்கோ வெட்டிய மிச்சம்.
அடியில் பிளைவுட். பெட்டிக்குள் பெட்டி.

வெளியிலிருந்து விழும் அடிக்குத்தான்
பெட்டி கட்டுகிறோம் என்று நினைத்திருந்தேன்.
கனமானது உள்ளிருந்து அடிக்கும்.
ஒரு விரல் இடம் கிடைத்தால் போதும்,
ஊர் போவதற்குள் ஓடிப் பழகி
அட்டையைக் கிழித்துவிடும்.
விரலை விட்டு விட்டுத் தேடினேன்,
இடம் கண்ட இடமெல்லாம் துணி.
ஒரு மூலையில் மட்டும் ரெண்டு கிலோ கருப்பட்டி.
டீக்கு அதுதான் வேணும் அவளுக்கு.

ராட்டர்டாம் என்றிருந்ததைக் கறுப்பு மார்க்கரால் அடித்து
கஞ்சாம் என்று எழுதினேன்.

வேலம்பாளையம் போஸ்ட் ஆபீஸ் தராசு
இருபது முந்நூறு என்றது.
"இருபதுக்கு மேல எடுக்க மாட்டமுங்."
"முந்நூறு கிராம்தானுங்களே?"
"தராசுக்கு அது தெரியாதுங்."

கவுண்டர் ஓரம் குந்தி டேப்பைக் கிழித்தேன்.
கருப்பட்டியை எடுத்துவிட்டு ஆட்டினால்
டொக்.
மறுபடி ஆட்டினால் மறுபடி டொக்.
வேஸ்ட் துணி எல்லாம் வீட்டில்.
துப்பட்டாவை உருவினேன்,
இறுக்கிச் சுருட்டி அந்த மூலையில் திணித்தேன்.
வரிசையில் பின்னால் நின்றவர்
சுவரிலிருந்த சேமிப்புத் திட்டங்களைப் படிக்க ஆரம்பித்தார்.
பதினெட்டு நானூற்றைம்பது.

கிளர்க் ரெண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.
"என்னங், உள்ள சத்தமே காணமுங்?"

தபால் கூலியில்
இரும்புக்காரன் சொன்ன விலை முக்கால்வாசி போனது.
பஸ்ஸில் கம்பெனிக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு
கருப்பட்டியில் ஒரு விள்ளல் கடித்தேன்.
ரெண்டு கிலோவை
நான் ஒருத்தி என்ன செய்ய.